தலைவர் உட்கார்ந்து பார்த்த வண்டி

சட்டை தைக்கப் போனால் போட்டுக்கொள்ளப் போகிறவனை நிறுத்திவைத்துத்தான் அளவெடுப்பார்கள். மோட்டார் சைக்கிள் வாங்கப் போனால் மட்டும் ஓட்டப் போகிறவன் ஓரமாக நிற்பானாம், சங்கத்துத் தலைவர் ஏறி உட்கார்ந்து பார்ப்பாராம். இது எந்த ஊர் நியாயம் என்று பாக்கியம் அந்தக் கடையிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றதை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவளுக்கு வயிறு எரிந்தது.

பாக்கியத்தின் புருஷன் வேலாயுதம், கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த தமிழர்கள் குடியிருக்கும் தீவில், ட்ரியோலே ஊர் முருகன் கோவில் பூசாரி. ஆள் நல்ல குள்ளம். தொங்கு விளக்கை ஏற்ற வேண்டுமென்றால் ஒரு மணையைப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். பாக்கியமோ நெடுநெடுவென்று வளர்ந்தவள். கல்யாணத்தன்று மாலை மாற்ற அவள் குனிந்த குனிவை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. அன்றைக்குக் குனிந்தவள் அப்புறம் வெளியில் நிமிரவே இல்லை. புருஷனோடு தெருவில் போகும்போதெல்லாம் தோளைக் குறுக்கி, முதுகை வளைத்து, ஓரடி பின்தங்கி நடப்பாள். வீட்டுக்குள் வந்துவிட்டால் முதுகும் குனியாது, குரலும் குனியாது.

வேலாயுதம் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவது அபூர்வம். மந்திரம் சொல்லும்போது அந்தச் சின்ன உடம்புக்குள்ளிருந்து கணீரென்று ஒரு குரல் வரும். மற்ற நேரத்தில் எதற்கும் ஒரு தலையாட்டல்தான். அவருக்கும் சேர்த்து பாக்கியமே பேசுவாள், அவருக்கும் சேர்த்து அவளே கோபப்படுவாள். அதில் தனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ட்ரியோலே தவிர அவருக்கு இன்னொரு கோவிலும் உண்டு. லாங் மவுண்டன் மலையடிவாரத்தில், கரும்புக்கு நடுவே, ஒரு பாதாம் மரத்தடியில் அவரே வேல் நட்டு ஆரம்பித்த கோவில். முதலில் வேல் மட்டும்தான் இருந்தது. பிறகு கல்மேடை வந்தது, பிறகு தகரக் கூரை. அந்தப் பக்கத்துத் தமிழர்கள் துண்டு துண்டு நிலத்தில் கரும்பு போட்டுப் பிழைக்கிறவர்கள். மழையென்றும் வெயிலென்றும் பாராமல் பாம்ப்ளமூஸ் வழியாக நடந்து வந்து பூசை செய்துவிட்டுப் போகிறவர் என்பதால், அவர் சொன்னால்தான் அங்கே கல்யாணத்துக்கு நாள் குறிப்பார்கள். பிள்ளை இல்லாத அந்த இரண்டு பேரும் அந்தக் கோவிலைத்தான் வளர்த்தார்கள்.

வினை வந்தது போன வருஷத் தைப்பூசத்தில். இரண்டு கோவிலிலும் ஒரே நாளில் காவடி. ட்ரியோலேயில் காவடியெல்லாம் இறங்கிப் பூசை முடிந்து, வேலாயுதம் நடந்து லாங் மவுண்டன் போய்ச் சேருவதற்குள் உச்சி சாய்ந்துவிட்டது. காவடியோடு கொண்டுவருகிற செம்புப் பால் சாமிமேல் ஊற்றும்வரை திரியக் கூடாது. திரிந்தால் கொண்டுவந்தவருடைய விரதத்தில் எங்கேயோ குறை என்று அர்த்தம். அன்றைக்கு அத்தனை செம்பும் திரிந்து கிடந்தது. பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு விரதம் இருந்த பெண்கள் செம்புக்குள் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஒருத்தர் பால் திரிந்தால் அவர் குறை, ஊர்ப் பாலே திரிந்தால் பூசாரி குறை என்று யாரோ ஆரம்பிக்க, அவர் திரும்பி நடந்து ட்ரியோலே வந்து சேருவதற்குள் அந்தப் பேச்சு அவருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

அதற்குத்தான் இந்த வருஷம் கரும்பு வெட்டு முடிந்ததும் கரும்புக்காரர் சங்கத்துத் தலைவர் பொன்னுசாமி கூட்டம் போட்டார். ஆறடி உயரம், முறுக்கிவிட்ட மீசை. ட்ரியோலேயில் தெருவோரமாக இருக்கிற நல்ல மண்ணெல்லாம் அவருடையது.

"காலம் மாறிப்போச்சு. பாதிரி மோட்டார்ல போறார், நம்ம பூசாரி மட்டும் நடந்தே போறதா? சங்கம் ஒரு மோட்டோ வாங்கிக் குடுக்கும். ஆனா ஒண்ணு. தைப்பூசத்துக்குக் கொடி ஏர்றதுக்குள்ள பூசாரி ஓட்டப் பழகிக்கணும். பழகலைன்னா லாங் மவுண்டன் கோவில என் மச்சான் பாத்துக்கட்டும். அவனுக்கு மோட்டோ தெரியும்" என்றார்.

மச்சானுக்கு மோட்டார் ஓட்டத் தெரியும் என்பது வாஸ்தவம். எஸ்டேட் துரையின் வண்டியைத் துடைத்துத் துடைத்துப் பழகினவன். மந்திரம்தான் பாதிவரை வரும், மீதியை மணியை பலமாக ஆட்டிச் சமாளிப்பான். ஒரு கோவிலைத் தன் மச்சான் கையில் வாங்கிக் கொடுக்கப் பொன்னுசாமி வெகு நாளாகக் கண் வைத்திருந்தது பாக்கியத்துக்குத் தெரியும். தெரிந்தும் வண்டி என்றதும் அவளுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. புருஷன் காலில் வெடிப்புக்கு வேப்பெண்ணெய் தடவியே அவள் கை காய்த்துப் போயிருந்தது.

ரோஸ் ஹில் மோட்டார் சைக்கிள் கடைக்குத் தலைவரும் புருஷன் பெண்டாட்டியுமாக மூன்று பேரும் போனார்கள். போர்ட் லூயிஸ்வரை பஸ், அங்கிருந்து ரயில். கடையில் ஃபிலிப் என்று ஒருவன் இருந்தான். அவன் தாத்தா புதுச்சேரியிலிருந்து வந்தவராம். இவனுக்குத் தமிழில் ஒன்று, இரண்டு எண்ணக்கூட வராது. வண்டி எந்த மாதிரி ரோட்டில் ஓடவேண்டும் என்று தீவின் பொதுப் பேச்சான கிரியோலில் கேட்டான். எல்லா மாதிரியிலும்தான் என்றார் தலைவர். தார் ரோட்டிலும் ஓட வேண்டும், மாட்டு வண்டி போய்ப் போய்ப் பள்ளம் விழுந்த கரும்புக்காட்டுப் பாதையிலும் ஓட வேண்டும். இந்தத் தீவில் தை மாதம் மழையும் புயலும் அடிக்கிற மாதம், சேற்றில் சிக்கினால் ஒரு ஆளே தூக்கி எடுக்க வேண்டும். பின்னால் பூக்கூடை, தேங்காய், வாழைத்தார், சில நாள் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை. மலையடிவாரத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கக் கூடாது.

"சரி, யார் ஓட்டப் போவது?" என்றான் ஃபிலிப்.

தலைவர் வேலாயுதத்தைக் காட்டினார். ஃபிலிப் அவரை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தான். பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஓரமாக நின்ற ஒரு பச்சை வண்டியிடம் கூட்டிப் போனான். முன்பக்கம் உயரமான கம்பி இல்லாமல் வளைந்து தாழ்ந்து, காலைத் தூக்கிப் போடாமல் அப்படியே உள்ளே நுழைந்து உட்காருகிற வண்டி. கவுன் போட்ட சீமாட்டிகளும் நீள அங்கி போட்ட பாதிரிமார்களும் வாங்குவது இதைத்தான் என்றான். எஞ்சின் சின்னது, ஆனால் மெதுவாக எந்த ஏற்றமும் ஏறும், பின்னால் மூட்டை வைக்க நல்ல அகலமான இரும்புத் தட்டு.

வேலாயுதம் அதன் அருகே போனார். வேட்டியை லேசாகப் பிடித்துக்கொண்டு உள்ளே ஒரு காலை வைத்து உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அப்போது அவர் சிரித்தார். பாக்கியம் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று அவளால் என்றைக்கும் சொல்ல முடியாது.

"பொம்பள வண்டி" என்றார் பொன்னுசாமி. "இதுல பூசாரி போனா துரைமாரெல்லாம் சிரிப்பாங்க. நம்ம சங்கத்துக்கு ஒரு மானம் இல்லையா?"

நடுவில் ஒரு கறுப்பு வண்டி நின்றது. பெரிய எஞ்சின், உயர்ந்த சக்கரம், தடித்த சுருள் வில்லின் மேல் பளபளவென்று ஒரு தோல் இருக்கை, ஊர்ப் பேச்சில் செல்லு; பின்னால் ஓர் இரும்புத் தட்டு. எஸ்டேட் மேனேஜர்கள் ஓட்டுகிற ஜாதி வண்டி. பொன்னுசாமி அதன்மேல் காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தார். இப்படியும் அப்படியும் ஆட்டினார். இரண்டு கையையும் நீட்டிப் பிடித்தார். கண்ணாடி ஜன்னலில் தன்னையே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"கச்சிதமா இருக்கு" என்றார்.

வேலாயுதம் பாக்கியத்தைப் பார்த்தார். அவளோ கறுப்பு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு உயரத்தில் தன் புருஷன் உட்கார்ந்து ட்ரியோலே தெருவில் போனால் எப்படி இருக்கும் என்று அவள் மனசு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவையாவது ஊர் அவரை அண்ணாந்து பார்க்கட்டுமே என்று இருந்தது. அவள் குனிந்து புருஷன் காதோடு, "எறங்குங்க. இது நல்லா இல்ல" என்றாள். அவர் இறங்கினார், எப்போதும்போல் தலையை ஆட்டினார். விஷயம் அத்தோடு முடிந்தது.

கறுப்பு வண்டி லாரியில் வந்து கோவில் வாசலில் இறங்கியது. எதை முறுக்குவது, எதை அழுத்துவது என்று மச்சான் காட்டிக் கொடுத்தான். எத்தனையோ பேர் வாங்கிய மாட்டு வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் பூசை போட்டுக் கொடுத்த பூசாரியின் கை, முதல் தடவையாகத் தன் வண்டிக்கே சந்தனம் வைத்தது. வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, முன் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் வேலாயுதம். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே கோவில் படியிலிருந்து ஏறிக்கொண்டார். இரண்டு பேர் தள்ளிவிட்டார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியது, வண்டி புறப்பட்டது, கூட்டம் அரோகரா போட்டது.

ஓட்டுவதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நிறுத்துவதில்தான் எல்லாக் கஷ்டமும். தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்து கோவில் முன்னால் நிறுத்தினார். நிறுத்தினதும் இந்தப் பக்கம் காலை நீட்டினார், எட்டவில்லை. அந்தப் பக்கம் நீட்டினார், அங்கேயும் வெறும் காற்றுதான் இருந்தது. வண்டி நிதானமாக, யாரும் ஓடிப் பிடிக்க நேரம் கொடுத்தபடியே சாய்ந்தது. யாரும் பிடிக்கவில்லை. மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் பூசாரியும் பூமாலையும் வண்டியும் விழுந்தார்கள். சூடான புகைக்குழாய் அவர் கெண்டைக்காலில் பட்டுத் தோலை உரித்துவிட்டது.

சிரித்தார்கள். அவர் கையால் விபூதி வாங்கிப் பூசிக்கொள்கிற அத்தனை வாயும் சிரித்தது. பாக்கியம் ஓடிப்போய் அவரைத் தூக்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

"என்ன செய்ய, சாமி அளந்து வெச்சது அவ்வளவுதான்" என்றார் பொன்னுசாமி. ரொம்ப வருத்தப்படுகிறவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார். "யார் மேலயும் தப்பு இல்ல."

யார் மேலும் தப்பு இல்லையாம். ஏறி உட்கார்ந்து கச்சிதம் என்று சொன்ன மனுஷன் மேல் தப்பு இல்லை, கால் குட்டையாகப் பிறந்தவன் மேல்தான் தப்பு என்று சொல்லாமல் சொல்கிறார். பாக்கியத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் அந்தப் பச்சை வண்டியிலிருந்து அவரை இறங்கச் சொன்னது யார் என்று தன் மனசே கேட்கும் என்று பயந்து அன்றைக்கும் பேசாமல் வந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் விடிகாலையில் கரும்புக்காட்டுப் பாதையில் பழகினார்கள். பாக்கியம் கூடவே ஓடினாள். நிறுத்துகிற இடத்திலெல்லாம் அவள் பிடித்துக்கொண்டால்தான் உண்டு. அந்தப் பாதையில் எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தாலே நிறுத்த வேண்டும். வழியெல்லாம் பிடிக்கிறதற்கு ஆள் வைத்துக்கொண்டா லாங் மவுண்டன் போவது? கொடியேற்றம் நெருங்க நெருங்க, மச்சான் கோவில் பக்கம் வந்து சந்தன மணத்தோடு உலாவ ஆரம்பித்தான்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலையில் பொன்னுசாமி வீட்டிலிருந்து ஒரு மூட்டை வந்தது. பிரித்தால், அவருடைய பழைய பூட்ஸ். அடியில் ஆணி அடித்த தடித்த தோல் பூட்ஸ். இதைப் போட்டுக்கொண்டால் பூசாரிக்குக் கால் எட்டும் என்று தலைவர் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்றான் கொண்டுவந்த ஆள். சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்தது.

பாக்கியம் அதைத் தெருவில் வீசத்தான் கையை ஓங்கினாள். விரதம் தொடங்கப் போகிற பூசாரிக்கு மாட்டுத் தோல் செருப்பு. இந்த மனுஷனா அனுப்புகிறார்? போன வருஷம் லுசியனை நடுத்தெருவில் நிறுத்தினவர் இவர்தானே? ஓங்கின கை அப்படியே நின்றது.

லுசியன் ட்ரியோலேயில் பட்டறை வைத்திருக்கிறவன், தமிழன் அல்லாத கிரியோல் ஆள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை கட்டுவது, மோட்டார் பழுது பார்ப்பது எல்லாம் அவன்தான். மகளுக்கு ஜன்னி கண்டபோது முருகனுக்கு நேர்ந்துகொண்டு, மஞ்சள் துணி கட்டி, பத்து நாள் விரதம் இருந்து, காவடி தூக்கி வந்தான். பாதி வழியில் பொன்னுசாமி அவனை நிறுத்தி இடுப்பில் என்ன என்று கேட்டார். கால்சட்டைக்குப் போட்டிருந்த தோல் வார். மேலே மஞ்சள் துணி சுற்றியிருக்கிறேனே என்றான் லுசியன். "மேல துணி சுத்திட்டா மாட்டுத் தோலு வாழப்பட்டை ஆயிடுமா?" என்று கேட்டு ஊரே சிரிக்க அவனை வெளியே நிறுத்தினார். அவன் வாரைக் கழற்றி எறிந்துவிட்டு, யாரோ கொடுத்த கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மிச்ச தூரம் வந்தான்.

அன்று மாலை கோவில் முற்றத்தில் சங்கத்துக்காரர்கள் கொடிமரத்துக்குத் தர்ப்பை சுற்றிக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் பூட்ஸை ஒரு கம்பில் தொங்கவிட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். கோவில் வாசலுக்கு வெளியிலேயே கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். இந்தத் தடவை அவள் தோளைக் குறுக்கவில்லை. நின்றால் பொன்னுசாமி கண்ணுக்கு நேராக அவள் கண் இருந்தது.

"மாமா, ஒரு சந்தேகம். விரதத்துல இருக்கறவங்க மேல தோல் படலாமா?"

"இது என்ன கேள்வி? படவே கூடாது."

"மேல ஒரு துணி போட்டுக்கிட்டா?"

"துணி போட்டா மட்டும்? தோல் தோல்தான். போன வருஷமே சொன்னேனே" என்றார் பொன்னுசாமி. தன் கண்டிப்பைப் பற்றி யாராவது கேட்டால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். "எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். ஆள் பாத்து வளையற சட்டம் எங்கிட்ட இல்ல."

"அப்ப நாளைக்குப் பூசாரி எது மேல உக்காந்து கொடித் துணியக் கொண்டு போறார்?"

தர்ப்பை சுற்றிக்கொண்டிருந்த கைகள் நின்றன. வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த லுசியனுக்குப் பாதித் தமிழ்தான் புரியும், ஆனாலும் இந்த விஷயம் அவனுக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. அவன் தன் இடுப்பைத் தடவிக்கொண்டு தலைவரைப் பார்த்தான்.

"நீங்க ஆசையா பாத்து எடுத்தீங்க. மாட்டுத் தோல் செல்லு. பத்து நாளும் அதுமேல உக்காந்துட்டு வந்து சாமியத் தொடணுமா? அது பத்தாதுன்னு பூட்ஸ் வேற அனுப்பியிருக்கீங்க. லுசியன் இடுப்புல இருந்தா தீட்டு, உங்க வீட்டுலேருந்து வந்தா தீட்டு இல்லையா? யாரு இந்தச் சட்டத்த எழுதினது? ஊருக்குப் புத்தி சொல்றவங்க, உக்கார்றதுக்கு முன்னாடி எதுமேல உக்கார்றோம்னு பாக்க வேண்டாமா?"

பொன்னுசாமியின் மீசை ஆடியது. சட்டம் அவருடையது, ஊரே கேட்க இப்போதுதான் மறுபடி சொன்னார். வேறு வழி இல்லை. "செல்லக் கழட்டிடுங்க" என்றார். பிறகு சட்டென்று முகம் தெளிந்து, "செல்லு இல்லாம வெறும் கம்பி மேல பூசாரி எப்படிப் போறார்னு அதையும் பாக்கலாம். முடியலைன்னா மச்சான் லாரி பிடிச்சாவது லாங் மவுண்டன் போய்க் கொடி ஏத்திடுவான்" என்றார்.

பாக்கியம் வீட்டுக்கு வரும்போது மனசு நிறைந்திருந்தது. நன்றாகக் கேட்டேன், நாலு பேர் முன்னால் மூக்கை உடைத்தேன் என்று புருஷனிடம் சொன்னாள். அந்த வண்டி எவனுக்கும் உபயோகமில்லாமல் துருப்பிடித்துக் கிடக்கட்டும் என்றாள். வேலாயுதம் கெண்டைக்கால் புண்ணுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அந்த வண்டி வேணும்" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வேண்டும் என்று அவர் ஒன்றைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"செல்லையும் அந்த ஸ்பிரிங்கையும் எடுத்துட்டா கால் எட்டும். முதல் நாளே பாத்துட்டேன்" என்றார்.

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பாக்கியம் பதிலுக்குப் பேசியிருப்பாள். பொன்னுசாமி கேட்கவில்லை, சங்கம் கேட்கவில்லை, ஃபிலிப்கூட யார் ஓட்டுவது என்று மற்றவர்களிடம்தான் கேட்டான். இத்தனை வருஷம் இவருக்கும் சேர்த்துப் பேசினவள் கேட்டாளா? பச்சை வண்டியில் அந்த மனுஷன் சிரித்தபோது, பிடித்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, எறங்குங்க என்று சொல்லத்தான் வந்தது. ஊரின் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதியைப் பிடுங்கி அவள் தன் மேலேயே போட்டுக்கொண்டாள். அது சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது.

"இப்ப கேக்கறேன். எப்படி வேணும்?" என்றாள்.

அவர் சொன்னார். விளக்கு வைத்த நேரத்தில் லுசியன் சந்தோஷமாக வந்து தோல் இருக்கையையும் வில்லையும் கழற்றி எடுத்தான். அவர் சொன்ன இடத்தில், சட்டத்தின் மேல் ஒட்டி இரண்டு பலகைத் துண்டு வைத்து முடுக்கினான். சர்க்கரை மூட்டைக்குப் பை முடைகிற தாழை ஓலை வீட்டில் இருந்தது. பாக்கியம் அதில் ஒரு சின்னத் திண்டு முடைந்து, தேங்காய் நாரைத் திணித்து வாயைத் தைத்தாள். வேலாயுதம் ஏறி உட்கார்ந்தார். இரண்டு குதிகாலும் மண்ணில் பதிந்தன. சிரிக்கிறாரா என்று அவள் விளக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

மறுநாள் ட்ரியோலேயில் கொடி ஏறிய கையோடு அவர் மஞ்சள் கொடித் துணியைப் பின்தட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினார். எதிரே வந்த மாட்டு வண்டிகளுக்கெல்லாம் நின்று வழிவிட்டார். பள்ளத்தில் இரண்டு காலையும் ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டே தாண்டினார். லாங் மவுண்டனில் காலைப் பனி காய்வதற்குள் கொடி ஏறியது. பத்து நாளும் இரண்டு கோவிலிலும் பூசை நேரம் தப்பவில்லை. வெறும் பலகையில் குலுங்கிக் குலுங்கி அவருக்கு இடுப்பு கழன்றுபோனது, ராத்திரி பாக்கியம் ஒத்தடம் கொடுத்தாள். தைப்பூசத்தன்று லாங் மவுண்டன் பெண்கள் செம்பைத் திறந்தார்கள். பால் பாலாகவே இருந்தது. போன வருஷம் அழுத பெண் ஒருத்தி செம்பைச் சாய்த்துச் சாய்த்து எல்லோருக்கும் காட்டினாள்.

நடுவில் ஒரு நாள் நெட்டைக்கால் மச்சான் அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறினான். முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்து, கைப்பிடியைத் திருப்ப முடியாமல் வேலிக்குள் போய் இறங்கினான். அன்றைக்கு ட்ரியோலே சிரித்த சிரிப்பைப் பாக்கியம் காது குளிரக் கேட்டாள்.

கொடி இறக்குகிற நாள் காலையில், ட்ரியோலே பூசை முடிந்து பிரசாதம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பொன்னுசாமி லுசியனைக் கூப்பிட்டார்.

"விரதம் முடிஞ்சுது. செல்ல எடுத்துட்டு வந்து மாட்டிடு. ஓலப் பாயக் கட்டிக்கிட்டு ஓடறதுக்கா சங்கம் வண்டி வாங்குச்சு? வண்டின்னா அதுக்கு ஒரு அழகு இருக்கணும்."

மச்சான் பக்கத்தில் நின்றான். விஷயம் யாருக்கும் விளக்க வேண்டியதாக இல்லை. இருக்கை ஏறினால் பூசாரி இறங்க வேண்டும். பண்டிகைக்கு ஒரு நியாயம், பண்டிகை முடிந்தால் ஒரு நியாயமா என்று கேட்கப் பாக்கியம் வாயைத் திறந்தாள். திறந்தவள் புருஷனைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

வேலாயுதம் லுசியனோடு பட்டறைக்குப் போனார். திரும்பி வரும்போது தோல் இருக்கை அவர் கையில் இருந்தது. வில்லோடு சேர்ந்து அது கனம். அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து தலைவரிடம் வந்தார். கொடுத்தால் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்பதுபோல் நீட்டினார். பொன்னுசாமி வாங்கிக்கொண்டார்.

"இதுல நீங்கதான் உக்காந்து பாத்தீங்க. நீங்கதான் கச்சிதம்னு சொன்னீங்க" என்றார் வேலாயுதம். மந்திரம் சொல்லுகிற குரல் அது, கோவில் முழுக்கக் கேட்டது. "இது உங்க அளவு. உங்க வீட்டுல இருக்கட்டும். வண்டி என் அளவுக்கு வந்துடுச்சு."

பொன்னுசாமி கூட்டத்தைப் பார்த்தார். காவடி எடுத்தவர்கள், பால்செம்பு எடுத்தவர்கள், இடுப்பில் கயிற்றோடு லுசியன். ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் அவர் பக்கம் பேசவும் இல்லை. ஆறடி மனுஷன் ஒரு இருக்கையை இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

வேலாயுதம் வண்டியை உதைத்துக் கிளப்பி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றார். லாங் மவுண்டனில் கொடி இறக்கப் போக வேண்டும்.

"பாக்கியம், ஏறு" என்றார்.

பின்னால் இருந்த இரும்புத் தட்டில் அவள் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்தாள். புருஷனின் இருக்கை தாழ்ந்துவிட்டதால் இப்போது அவர் தலை அவள் மார்பளவுக்குத்தான் வந்தது. பார்க்கிறவர்களுக்கு அவர் இன்னும் குள்ளமாகவும் அவள் இன்னும் நெட்டையாகவும் தெரிந்திருக்கும். பழக்க தோஷத்தில் அவள் தோள் குறுகப் பார்த்தது. அவள் அதை விடவில்லை. ட்ரியோலே தெரு முழுக்க, கடை கடையாக ஆட்கள் நின்று பார்க்க, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தபடியே போனாள்.